தை ஒன்று, இரண்டாயிரம்

கமராவின் வயிற்றில் பொத்தான் அளவு ஒரு பற்றரி.
எப்போது செத்ததென்று யாருக்கும் தெரியாது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு படங்களும்
ஒரே நாளில் எடுத்ததென்று சாதிக்கிறது கம்பியூட்டர்:
தை ஒன்று, இரண்டாயிரம்.

அன்றைக்கே மிதுஷா பிறந்திருக்கிறாள்,
அன்றைக்கே பல் முளைத்து, அன்றைக்கே விழுந்து,
அன்றைக்கே பெரியபிள்ளையாகி
மஞ்சள் சாறிக்குள் முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.
மாமாவின் செத்தவீடும் அன்றுதான்;
அது முடிந்த கையோடு
லிங்கநகர் வீட்டுக்குச் சுண்ணாம்படிக்க
ஏணியில் ஏறியிருக்கிறார் மாமா.

உண்மையான அந்தத் தை ஒன்றில்
எங்களிடம் கமராவே இல்லை.
பாணுக்கு வரிசையில் நின்றதாக ஞாபகம்.
தூறலும் கொஞ்சம்.

பிரதேச செயலகத்தில் காணிப் பகுதி எனக்கு.
வருகிற கடிதம் ஒவ்வொன்றிலும்
திகதி முத்திரை குத்துகிற கை.
ஞாயிறும் இப்போது அதே வேலை, சம்பளமில்லாமல்.

கிண்ணியாவில் பாதை ஓடுகிறதா, பாலம் வந்துவிட்டதா,
பௌசியாவின் கண்ணாடி தடித்ததா மெல்லியதா,
மதிலில் எந்தக் கட்சியின் நோட்டீஸ் உரிந்து தொங்குகிறது,
இப்படி வருடத்தைப் பிடித்துவிடலாம்.
மாதம் பிடிக்கக் காற்று வேண்டும்.
கச்சானென்றால் முந்தானை கடலுக்குப் பறக்கும்,
வாடையென்றால் ஊருக்குள்.
சொன்னபோது தவநேசன் சிரித்தார்:
"உம்மட சாறிதான் கலண்டரோ?"

நிலாவெளியில் டொல்பின் போனபிறகு எடுத்த
வெறும் நீலம், பதினொரு படம்.
எல்லாம் ஒன்றுதான், ஒன்றை வைத்து மிச்சத்தை அழி என்கிறது.
ஒரு வாலாவது அகப்படுமென்று
ஒவ்வொன்றாய்ப் பெருப்பித்துப் பார்த்தேன்.
பிறகு பத்தை அழித்தேன்.
எது தப்பியதென்று கவனிக்கவில்லை.

உள்துறைமுகம் ஒரு படத்தில் சரிந்து கிடக்கிறது,
இன்னும் கொஞ்சம் விட்டால்
கப்பலோடு வழிந்து மேசையில் ஊற்றும்.
இரண்டு பாகை திருப்பினேன்.
கடல் நிமிர்ந்தது, மூலை வெட்டுப்பட்டது,
மூலையில் நின்ற சின்ன மச்சாள் பாதியாய்ப் போனாள்.
கடலைத் திரும்பச் சரித்தேன்.

கோட்டை வாசலில் மான்கள், பொழுதுபட்ட நேரம், ஃபிளாஷ் வெளிச்சத்தில்.
சிவப்புக் கண் திருத்துகிற பொத்தானை அழுத்தினால்
சிவப்புக் கண் எதுவுமில்லை என்று பதில்.
உண்மைதான். பச்சையாய் எரிகின்றன அவை,
யாரோ எறிந்த சோற்றுப் பொதியின் தாளை மென்றபடி.
பச்சைக்கு மருந்தில்லை.

நாலரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்த
மூன்று வருடங்களை அவசரமாய்ச் சேமித்தேன்.
தேத்தண்ணி குடித்து முடிய வந்தது.

பிறகு, ஆயிரத்து நூற்றேழாவது.
டச்சுக்குடா, காலை. வெயில் என் முகத்தில்.
செருப்பு இரண்டும் கையில். சிரிக்கிறேன்.
எடுத்தவரின் நிழல் மணலில் நீண்டு வந்து
என் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.
முழங்கையில் தொங்குகிறது ஹெல்மெற்.

தவநேசன் அந்த வருடம் டோகாவில்.
மிதுஷாவுக்குக் கமரா தூக்குகிற வயதில்லை.

முந்தானை ஊருக்குள் பறக்கிறது.
காற்றுப் பார்க்கத் தேவையேயில்லை,
கிழமையும் தெரியும், மணியும் தெரியும்.
திகதிப் பெட்டிக்குள் கோடு ஒன்று
விட்டு விட்டுத் துடிக்கிறது.

வெட்டிப் பார்த்தேன். நிழலோடு
என் பாதங்களும் போயின.
பழையபடி விட்டேன்.

"முடிஞ்சுதோ?" உள்ளேயிருந்து அவர்.
"ஒண்டுதான் கிடக்கு."
"வருசம் பிடிபடேல்லையோ? காத்தைப் பாருமன்."

பார்த்தேன்.
திகதியைத் தொடாமல் மூடினேன்.

இனி அந்த நாளில் இருப்பது ஒரேயொரு படம்.
பாண் வரிசை, தூறல்,
அதோடு கொஞ்சம் வெயில்.